நித்யா கேட்பது ஒரு ஸ்விட்ச்

சரவணா,

நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். நடுவில் ஒரு படிக்கட்டுதான். இதற்குப் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. நேரில் வந்து சொன்னால் காதில் ஹெட்போனும் கையில் புகைகிற சால்டரிங் கம்பியுமாக, "ஒரு நிமிஷம்மா, இதை முடிச்சிட்டு வந்துடறேன்" என்கிறாய். அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தெரிந்து இதுவரை முடிந்ததில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். போன வாரம் நான் அனுப்பிய நீளமான மெசேஜுக்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. அதில் முழுக்க முழுக்க உன்னைத் திட்டியிருந்தேன், படித்தாயா என்றே தெரியவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் மேஜையில், சால்டரிங் ஸ்டாண்டுக்கு அடியில் செருகி வைக்கப் போகிறேன். இந்த வீட்டில் நீ தவறாமல் பார்க்கிற இடம் அது ஒன்றுதான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நித்யாவையும் பாப்பாவையும் பார்க்கக் கீழ்க்கட்டளைக்குப் போனேன். நீயும் வருவதாகத்தான் பேச்சு. நான் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது நீ கையில் மோட்டாரை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நீங்க ஆட்டோல போங்கம்மா, நான் பின்னாடியே பைக்ல வரேன்" என்றாய். வரவில்லை. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை மூன்றாம் மாசம் அழைத்து வருவதாக இருந்தோம். அது ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போனது. இப்போது நாலாவது நடக்கிறது, இரட்டைப்படையில் கூட்டி வர மாட்டார்கள் என்பதால் ஐந்தில் நாள் பார்க்கலாமா என்று கேட்கத்தான் நான் போனேன். நித்யா காபி கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீட்டுச் சுவத்துல ஸ்விட்ச் போடற வரைக்கும் நான் பாப்பாவைத் தூக்கிட்டு அங்க வரமாட்டேன். கையை வெச்சா லைட் எரியணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் பேசியிருப்பேன். எத்தனையோ வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கத்துகிற பெண்களைப் பார்த்து நான் பயந்ததே கிடையாது. குரலை உயர்த்தாமல் பேசுகிறவள் கட்டிலுக்குத்தான் முதலில் ஓடுவேன். நித்யா அப்படித்தான் பேசினாள்.

இந்தப் பைத்தியம் உனக்கு எப்போது பிடித்தது என்று உன் அப்பா பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். காலேஜில் சேர்ந்த வருஷம் நீ தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தானியங்கி மோட்டார் பண்ணினாயே, அதில்தான் ஆரம்பம். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் தானாக நிற்கும். ஓடியது, நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்பா உன்னை இன்ஜினியர் இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். தொட்டிக்குள் நீ தொங்கவிட்ட இரண்டு கம்பிகளையும் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும் என்று மட்டும் நீ யாரிடமும் சொல்லவில்லை. அஸ்தினாபுரத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? பக்கெட்டே வெள்ளையாகிப் போகிற ஊர். கம்பியில் உப்புப் பூத்து, தொட்டி நிரம்பியதே அதற்குத் தெரியாமல் போயிற்று. அந்தக் கோடையில் போர் வற்றிப்போய் லாரித் தண்ணீர் வாங்கினோம். லாரிக்காரர் கீழே தரைத்தொட்டியில், அதுதான் சம்ப்பில், குழாயை விட்டுவிட்டு நின்றார். மோட்டார் அவர் ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சி மேலே அனுப்பியது, மேலே நிரம்பி மொட்டைமாடியிலிருந்து ரோட்டில் கொட்டியது. "இன்னாக்கா இது, நான் கீழ ஊத்திகினு கீறேன், அது மேலேர்ந்து ரோட்ல ஊத்திகினு கீது, இதுக்கு நான் லாரிய நேரா ரோட்லயே தொறந்து வுட்டுட்டுப் போயிருப்பனே" என்றார் அவர். தெருவே சிரித்தது. நான் ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன். சாயங்காலம் நீ வந்து, "ஐடியா கரெக்ட்மா, கம்பிதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாய். அந்தக் கம்பியை மாற்றவே இல்லை. இன்று வரை நான்தான் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறேன். மணிக்கட்டு வலித்தாலும் அந்த ஸ்விட்ச் நான் சொன்னதைக் கேட்கிறது.

அதெல்லாம் என்னோடும் அப்பாவோடும் போயிற்று, நாங்கள் உன்னைப் பெற்றவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாடியை உங்கள் இருவருக்கும் என்று ஒதுக்கிக் கொடுத்தோம். நீ செய்த முதல் காரியம், சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டுகளை எல்லாம் கழற்றி எறிந்தது. "ஸ்விட்ச் எல்லாம் பழைய காலம்மா, இனிமே வாயால சொன்னா போதும்" என்றாய். சுவரில் போர்டு இருந்த குழிக்குள் டக் டக் என்று சத்தம் போடும் நீல நிறப் பெட்டிகளை வைத்து, ஒயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பை ஒட்டினாய். மூடி எங்கேடா என்று கேட்டேன். "இப்போ டெஸ்டிங்ல இருக்கு, அப்புறம் போட்டுக்கலாம்" என்றாய். வாசல் கதவுக்கு மேலே சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்தாய். தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளும்படி அதற்கு நீயே சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது 'வரேன்' என்று சொன்னால் லைட், ஃபேன், ஏசி, கீசர் எல்லாம் ஓடும். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் எல்லாம் நிற்கும். இரண்டே வார்த்தை, குழந்தைகூடப் பழகிவிடும் என்றாய்.

சரவணா, நீ எந்த ஊரில் பிறந்து வளர்ந்தாய்? வீட்டை விட்டுக் கிளம்புகிற எவன் இங்கே 'போறேன்' என்று சொல்லியிருக்கிறான்? பால்காரர் முதல் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் வரை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு 'வரேன்' என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீயே அப்படித்தானே சொல்வாய். மறுநாள் காலையில் நித்யா பையை மாட்டிக்கொண்டு உள்ளே திரும்பி "வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நீ ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தாய். ஆளில்லாத வீட்டில் ஏசி ஓடியது, லைட் எரிந்தது, கீசர் பகல் முழுக்கக் கொதித்தது. சாயங்காலம் அவள் வந்து, களைப்பில் "அப்பாடா, கொஞ்சம் படுக்கப் போறேன்" என்றாள். எல்லாம் அணைந்துவிட்டது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, நான் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போய் வாசலில் நின்று முழுசாக "போயிட்டு வரேன்" என்றார். 'போயிட்டு' என்றதற்கு அணைந்து, 'வரேன்' என்றதற்கு உடனே எரிந்தது. அவர் குஷியாகி இன்னும் நாலு தடவை சொன்னார், திருவிழா பல்பு மாதிரி அணைந்து அணைந்து எரிந்தது. எல்லோரும் சிரித்தோம். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் சிரித்து முடித்ததும் நீ என்ன செய்தாய்? வார்த்தையை மாற்றியிருக்கலாம். 'மாங்காய்' என்று வைத்திருந்தால்கூட யாருக்கும் குறையில்லை. "தமிழ்ல லாஜிக்கே இல்லம்மா. போறவங்க போறேன்னுதானே சொல்லணும்?" என்றாய். அதைத் திருப்பிச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பதிவு பண்ண வேண்டும், அது உனக்குப் போரடிக்கும். மெஷினை மாற்றுவதைவிட ஆட்களை மாற்றுவது உனக்குச் சுலபமாகத் தெரிந்தது. நித்யாவிடம், "இனிமே கிளம்பும்போது போறேன்னு சொல்லு, சிம்பிள்" என்றாய். கொஞ்ச நாளிலேயே அவள் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் தினமும் காலையில் வாசற்படியில் நின்று 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதுவும் மைக்கில் விழுகிற மாதிரி சத்தமாக. சகுனம் கிகுனம் எல்லாம் நான் பெரிதாகப் பார்க்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வார்டில் அந்த வார்த்தையை டாக்டர்கூட வாயில் எடுக்க மாட்டார். டூட்டி முடிந்தால் 'வரேன் சிஸ்டர்' என்பார். அந்த நாட்களில் நித்யா மாடியிலிருந்து இறங்கியதும் என் வாசலில் நின்று, நான் சமையல்கட்டில் இருந்தாலும் காத்திருந்து, "வரேன் அத்தை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே சொன்னதைக் கீழே வந்து அழித்துவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று. உனக்கு இப்போதாவது புரிகிறதா?

வளைகாப்புக்கு முந்தைய வாரம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் நீ அங்கே இல்லை, நான் இருந்தேன். நம் தெருவில் கால்வாய் தோண்டுகிறேன் என்று வந்தவர்கள் எதையோ அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் இருந்தது, இன்டர்நெட்தான் இல்லை. கீழே எங்களுக்கு அது தெரியக்கூட இல்லை, லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நித்யா ஆபீஸ் கேபில் வந்து இறங்கி, மூச்சு வாங்க மாடி ஏறினாள். நன்றாக இருட்டிவிட்ட நேரம். கதவைத் திறந்து உள்ளே போய் "வரேன்" என்றிருக்கிறாள். ஒன்றும் எரியவில்லை. மறுபடி சொல்லியிருக்கிறாள், சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். நீ வைத்த பெட்டி வீட்டுக்குள் கேட்பதை வெளியூரில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டருக்கோ அனுப்பி அர்த்தம் கேட்டுக்கொள்கிறதாமே, அது அவளுக்கு எப்படித் தெரியும்? கதவு காற்றில் சாத்திக்கொண்டது. போனில் சார்ஜ் இல்லை. பழக்கத்தில் கையைச் சுவரில் வைத்துத் தடவியிருக்கிறாள். ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் குழி, பிரிந்து தொங்கும் டேப், உள்ளே ஒயர். "அத்தை" என்று ஒரு குரல் கேட்டது. நான் போன் டார்ச்சோடு ஏறிப் போனேன். ஹாலுக்கு நடுவில், இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "எந்தச் சுவத்தைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு தெரியல அத்தை, அதான் அசையாம நிக்கிறேன்" என்றாள். அவள் கையைப் பிடித்தேன், ஈரமாக இருந்தது.

நான் உனக்குப் போன் போட்டேன். நீ ஓஎம்ஆரில் டிராஃபிக்கில் இருந்தாய். நான் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, என் ஆப்ல டிவைஸ் ஆஃப்லைன்னு காட்டுது. நித்யாவை ரௌட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் கேட்டாள். அவள் எப்படி இருக்கிறாள், விழுந்தாளா, பயந்தாளா என்று நீ அதற்குப் பிறகு கேட்டிருப்பாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் விசாரித்தது டிவைஸை. அந்த வாரம் முழுக்க அவள் கீழே எங்கள் அறையில்தான் படுத்தாள். வளைகாப்பு முடிந்து வளையல் சத்தத்தோடு கீழ்க்கட்டளைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. நீ நாள் சரியில்லை, மழை, தடுப்பூசி என்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். காரணம் சுவரில் இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் நீ பாத்ரூமுக்குப் போகிறாய்.

நீ ஒன்றும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மாட்டேன் என்றால் சண்டை போட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாம். "ரெண்டுமே வெக்கலாம்மா. வாயால சொன்னாலும் எரியும், ஸ்விட்ச் போட்டாலும் எரியும். ரொம்ப ஈசி" என்றாய். நீ ஈசி என்று சொன்ன வேலையை மட்டும் நீ செய்து நான் பார்த்ததில்லை. கஷ்டமான வேலை என்றால் சாப்பாட்டை மறந்து உட்காருவாய். ஈசியான வேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். போதாததற்கு அப்பா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். நீ ஆபீசில் இருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. அவர் மாடிக்குப் போய் டேப்பைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். "இத்த யாரு சார் பண்ணது? நான் இதுல கை வெக்க மாட்டேன். எது எங்க போவுதுன்னு அவருக்குத்தான் தெரியும், அவரையே கூப்டுங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா அதிலும் பெருமைப்பட்டுக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்கே புரியலையாம் என்று போனில் யாரிடமோ சொன்னார். இந்த வீட்டில் எனக்குத் துணை யார், சொல்.

சரி, இந்த நாலு மாசத்தில் சும்மா இருந்தாயா என்றால் அதுவும் இல்லை. தொட்டில் பண்ணுகிறாய். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய காரின் வைப்பர் மோட்டாரை வாங்கி வந்து, நம் ஹாலில் நீ ஆடிய தொட்டில் கொக்கியில் துணியைக் கட்டி, பக்கத்தில் மைக்கை மாட்டினாய். குழந்தை அழுதால் தொட்டில் தானாக ஆடும், அழுகை கூடினால் வேகம் கூடும், நின்றால் நிற்கும். பாப்பாவின் எடைக்கு ஒரு பையில் அரிசியைக் கட்டித் தொட்டிலில் போட்டாய். நான் சமையல்கட்டில் சாம்பாருக்குப் பருப்பு வைத்திருந்தேன். குக்கர் விசில் அடித்தது. தொட்டில் ஆட ஆரம்பித்தது. நீ "அய்யோ, விசிலை அழுகைன்னு நினைச்சுக்கிச்சு" என்று கம்ப்யூட்டரைத் தட்டுவதற்குள் அடுத்த விசில். வேகம் கூடியது. மூன்றாவது விசிலுக்கு அரிசி மூட்டை பறந்து போய் டிவி ஸ்டாண்டில் மோதி அவிழ்ந்தது. ஹால் முழுக்க அரிசி. அப்பா குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே கேட்டார், "ஏண்டா, குழந்தை பசியில அழுதா?" நீ கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாய், "அது வெர்ஷன் டூல வரும்பா." நான் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பசியில் அழுகிற குழந்தையைப் பால் கொடுக்காமல் வேகமாக ஆட்டுகிற மெஷின் ஒன்றை என் பிள்ளை செய்துவிட்டானே என்று அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

இதையெல்லாம் விட்டுத் தொலை என்று நான் சொல்லப் போவதாக நினைக்காதே. உன் கை சும்மா இருந்தால் உனக்கு ஜுரமே வந்துவிடும், எனக்குத் தெரியும். ஆபீசில் நாள் முழுக்க யாரோ சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் ஒன்றைத் தன் இஷ்டத்துக்குப் பண்ணிப் பார்க்கிற சந்தோஷம் வேண்டும். அது குடிக்கிறதைவிட, கடனுக்குக் கார் வாங்குகிறதைவிட எவ்வளவோ மேல். நான் கவனித்தது வேறு ஒன்று. உன் பெட்டிகளில் பெரும்பாலும் எதற்கும் மூடி கிடையாது. முதல் தடவை லைட் எரிகிற அந்த நொடியில் உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் நீ ஆறு வயசுப் பையன்தான். அதோடு உனக்கு அந்த வேலை முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. மூடி போடுவது, ஒயரைக் குழாய்க்குள் விடுவது, எது எதற்கு என்று மேலே எழுதி ஒட்டுவது, இன்டர்நெட் போனால் என்ன செய்வது என்று வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்லித் தருவது, இதெல்லாம் உனக்கு வேலையாகவே தெரிவதில்லை. நித்யா உன்னோடு வாழ வந்தவள், உன் டெஸ்டிங்குக்கு வந்தவள் இல்லை.

உனக்கு முடிக்கத் தெரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்குக் காது மந்தமானதும், காலிங் பெல் அடித்தால் அவர் நாற்காலிக்கு எதிரில் மின்னுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு வைத்தாயே, அதற்கு மூடி இருக்கிறது. ஸ்க்ரூ நாலும் இருக்கிறது. அது வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என்னை ஏமாற்றவில்லை. அதைப் பண்ணும்போது நீ அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பல்பை இங்கே பிடித்து அங்கே பிடித்து, "இப்ப தெரியுதாப்பா? பேப்பர் படிக்கும்போது தெரியுதா? கண்ணைக் கூசுதா?" என்று கேட்டுக் கேட்டு மாட்டினாய். பொறுமையின் சிகரமாக இருந்தாய். அந்தச் சரவணன் எங்கே போனான்? நித்யாவை ஒரு நாள் அந்த மாதிரி நிற்க வைத்துக் கேட்டாயா, உனக்கு ஸ்விட்ச் எந்த உயரத்தில் வேண்டும், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு எந்தக் கையால் போடுவாய் என்று? கேட்டிருந்தால் அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். அவள் ஒன்றும் உன் மெஷின்களுக்கு விரோதி இல்லை. கல்யாணமான புதிதில் உன் பெட்டிகளைத் தன் தோழிகளுக்கு வீடியோவில் காட்டிச் சிரித்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்படிச் சொன்னதும் நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "வராதே" என்றேன். ஸ்விட்ச் போட்டு, மூடி போட்டு, நானே ஒவ்வொரு சுவரிலும் கை வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு வா, அதற்கு முன்னால் இவன் காலில் விழுந்து கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார், சம்பந்தி இப்படிப் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பேத்தி இல்லாத வீட்டில் இருப்பது எனக்குச் சந்தோஷமா? காலையில் எழுந்தால் கை பரபரக்கிறது, குளிப்பாட்டக் குழந்தை இல்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். வார்டில் ஊரார் பிள்ளைகளை எல்லாம் கையில் வாங்கினேன், என் வீட்டுப் பிள்ளையை ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்றும் நடந்தது. நித்யா உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள், ஆனால் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பாப்பாவைப் பாயில் விட்டிருந்தோம். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலைத் தூக்கி மறுபக்கம் போட்டு, முகமெல்லாம் சிவக்க முக்கினாள். போன வாரமே அவ்வளவு தூரம் வந்துவிட்டு மல்லாந்துவிடுவாளாம். இந்தத் தடவை மல்லாந்துவிடவில்லை. ஒரே புரட்டு, குப்புற விழுந்துவிட்டாள். கை ஒன்று வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் தெரியாமல், தலையை மட்டும் நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். நித்யா கை தட்டிச் சிரித்தாள். தெருவில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. சட்டென்று வாசலைப் பார்த்தாள். அது வேறு யாரோ. அப்புறம் குழந்தையின் கையை எடுத்துவிட்டுக்கொண்டே, "அவர்கிட்ட சொல்லாதீங்க அத்தை. அவரே வந்து பாக்கட்டும்" என்றாள்.

நீ அந்த நேரத்தில் மறுபடியும் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாய். குப்புற விழ ஆரம்பித்த குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட விட்டுவிட்டு நகர முடியாது, சரவணா. புரண்டு வெளியே வந்துவிடும். அதை நான் எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இனி அவளுக்குத் தரையும் பாயும்தான். நீ அவளுக்காகச் செய்கிற தொட்டிலின் வயசை அவள் தாண்டிவிட்டாள், நீ இன்னும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறாய். அடுத்து நகர்வாள், தவழ்வாள். அதற்கப்புறம் ஒரு நாள் கையை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அது எந்த வீட்டுச் சுவர் என்று நீ சொல்.

அம்மா